இடது ஓரத்தில் ஒரு கோடு

ஜெராக்ஸ் அக்கா தாளைப் படிக்க மாட்டார். நான்கு ஓரங்களை மட்டும் பார்ப்பார். மேலே எழுத்து வெட்டுப்படுகிறதா, கீழே கையெழுத்து முழுதாக விழுந்திருக்கிறதா, முத்திரை கலங்கியிருக்கிறதா, அவ்வளவுதான். நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே, நகராட்சிக்குச் சொந்தமான கட்டடத்தில், ஏழாம் எண் கடையில் இருபத்திரண்டு வருடங்களாக இப்படித்தான் வேலை பார்த்தார். விவாகரத்து மனு, மருத்துவ அறிக்கை, மாமியார்மேல் மருமகள் கொடுத்த புகார், அதே நாளில் மருமகள்மேல் மாமியார் கொடுத்த புகார் என்று ஊரின் அந்தரங்கம் முழுக்க அந்தக் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கிறது. எதைப் பற்றியும் அவர் வெளியே மூச்சு விட்டதில்லை.

“படிக்க ஆரம்பிச்சா வேலை ஓடாது. பேச ஆரம்பிச்சா கடையே ஓடாது” என்பார்.

பத்தொன்பது வயதில் மனு தட்டச்சு செய்யும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். விரல்கள் வேகம், வாய் அதைவிட வேகம். இருபத்தைந்தில் சொந்தமாக ஒரு பழைய மெஷின் வாங்கினார். அது போய், இன்னொன்று போய், இப்போது ஓடுவது மூன்றாவது. கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மகள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு. அவர் கண்டுகொள்வதில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன் யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தா பின்னை எடுக்காமல் கொடுத்த கட்டு ஒன்று மெஷினுக்குள் போனது. பின் உள்ளே விழுந்து, நகலைப் பதிக்கும் உருளையான டிரம்மைக் கீறிவிட்டது. அன்றிலிருந்து அந்த மெஷினில் எடுக்கும் ஒவ்வொரு நகலிலும் இடது ஓரத்தில் முடி போல ஒரு கோடு. கோட்டின்மேல் சம இடைவெளியில் மூன்று புள்ளிகள். எழுத்தைத் தொடாததால் யாரும் குறை சொல்லவில்லை. டிரம் மாற்ற வேண்டும் என்று அக்கா தினமும் நினைத்தார், தினமும் தள்ளிப் போட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை, ஊரின் ஒரே வாரப் பத்திரிகை கடைக்கு வந்தது. நான்கே பக்கம். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பத்திரிகைக்கும் அவருக்கும் சேர்த்து ஊர் வைத்த பெயர் ‘நாலு பக்கம்’. முதல் பக்கத்தில் நகராட்சி ஆய்வகத்தின் குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை முழுசாக அச்சாகியிருந்தது. நான்கு வார்டுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் மேல்நிலைத் தொட்டியில் சாக்கடைக் கிருமி. அறிக்கையின் தேதி மூன்று மாதங்களுக்கு முந்தையது. மூன்று மாதமும் அதை ஒரு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

நாலு பக்கம் கவனமான மனிதர். கோப்பு எண்ணைக் கறுப்படித்திருந்தார். கையெழுத்தை வெட்டியிருந்தார். யார் மேசையிலிருந்து வந்தது என்று காட்டக்கூடிய முத்திரையையும் மறைத்திருந்தார். இடது ஓரத்தை மட்டும் பார்க்கவில்லை.

அக்கா பார்த்தார். கோடு. மூன்று புள்ளிகள்.

யார் என்பதும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன், மதிய இடைவேளையில், ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவும் உதவியாளர் பெண் வந்தாள். “அக்கா, நானே வெச்சு எடுத்துக்கட்டா?” என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அக்கா நகர்ந்து நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பார்த்ததை இன்னொருவரும் பார்த்துவிட்டார், அலுவலகத்தின் தலைமை எழுத்தர். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அக்கா கடையில் அவர் எடுத்த பதினான்கு நகல்களிலும் அதே கோடு இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அவரும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் கடைக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வெற்றுத் தாளைக் கண்ணாடிமேல் வைத்து, பொத்தானை அமுக்கச் சொன்னார். சூடாக வெளியே வந்த தாளைப் பத்திரிகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“உங்க மெஷின்தான்.”

“என் மெஷின்தான் சார்.”

“யார் எடுத்தது?”

“ஒரு நாளைக்கு நூத்தம்பது பேர் வர்றாங்க சார். நான் ஓரத்தைத்தான் பாப்பேன். மூஞ்சிய எங்க பாக்கறது?”

“ஓரத்தைப் பாத்தீங்கல்ல? அதுலதான் கோடு இருக்கு.” சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “திங்கக்கிழமை காலையில ஒரு பேர் வேணும்மா. ஒரே ஒரு பேர். சொல்லிட்டா உங்களுக்கும் எனக்கும் நிம்மதி.”

“கடை யாரோட கட்டடத்துல இருக்குன்னு அக்காவுக்குத் தெரியும் சார்” என்றார் தலைமை எழுத்தர், கதவு நிலையைத் தட்டிக்கொண்டே. “நான் எதுக்குச் சொல்லணும்?”

“சொல்லிட்டீங்களே தம்பி” என்றார் அக்கா.

அன்று மாலையே பத்திரிகையை அச்சிட்ட அச்சகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். தீயணைப்புக் கருவி காலாவதியாகிவிட்டதாம். அதே தெருவில் எண்ணெய்க் கிடங்கு ஒன்று இருக்கிறது. அங்கே அப்படி ஒரு கருவியே கிடையாது. அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் கணவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. முடிஞ்சுது.”

“நம்புவாங்களா?”

“நம்பலைன்னா பேரைச் சொல்லிடு. நமக்கு எதுக்கு ஊர் வம்பு? பொண்ணு படிப்பு இன்னும் பாதி இருக்கு. கடை போச்சுன்னா நடுத்தெருதான்.”

அக்கா பத்திரிகையை அவர் முன்னால் விரித்தார். அறிக்கையின் தேதிமேல் விரலை வைத்தார்.

“இதுக்கு ஒம்பதாம் நாள் நீங்க ஆஸ்பத்திரியில சேந்தீங்க. பதினொரு நாள் படுத்திருந்தீங்க. நான் என்ன சொன்னேன்? பணிமனை டீக்கடையில கண்டதைக் குடிச்சிருப்பீங்கன்னு பதினொரு நாளும் உங்களைத்தான் திட்டினேன்.”

கணவர் தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“அந்த டீக்கடைக்காரன்கிட்ட நான் இன்னும் பேசறதில்ல” என்றார் மெல்ல.

“நாளைக்குப் போய் ஒரு டீ குடிங்க.”

அதற்குப் பிறகு பெயரைச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. ‘ஞாபகம் இல்லை’ என்பதை மட்டும் விடவில்லை. தூங்கும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார்.

சனிக்கிழமை கடை திறந்ததும் ஆய்வகப் பெண் வந்தாள். கையில் ஒரு பேருந்துப் பயண அட்டை, நகலெடுக்க. முகம் இரண்டு நாள் தூங்காத முகம்.

“அக்கா, உங்களைக் கூப்பிட்டிருக்காங்களாமே. நானே போய் ஒத்துக்கறேன்.”

“ஒத்துக்க நீ என்ன திருடினியா? அட்டையைக் குடு. ரெண்டு பக்கமா?”

“உங்க கடை போயிடும்க்கா.”

“கடை என் கவலை. நீ போய் நின்னா வேலை போகும், கேஸ் வரும். அப்புறம் அந்த ஆபீஸ்ல ஒருத்தனும் ஒரு தாளை வெளிய எடுக்க மாட்டான். இனிமே தொட்டியில பாம்பு செத்துக் கிடந்தாலும் நமக்குத் தெரியாது. ஆபீஸ் போ. எப்பவும் போல குழாய் கழுவு.”

“பயமா இருக்குக்கா.”

“எனக்கும்தான். பயந்துக்கிட்டே போ. லேட்டாப் போகாதே, அதுக்கு வேற ஒரு மெமோ குடுப்பாங்க.”

அவள் சிரிக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டு, சாலையைக் கடந்தாள்.

பதினொரு மணிக்கு அலுவலக உதவியாளர் ஓட்டமாக ஓடி வந்தார். அலுவலகத்தின் மெஷின் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும். அப்போதெல்லாம் நகராட்சியின் தாள்கள் ஏழாம் எண் கடைக்குத்தான் வரும். அது ஊரறிந்த வழக்கம்.

“அக்கா, எங்க மெஷின் மறுபடியும் மண்டையப் போட்டுருச்சு. இதுல பன்னெண்டு காப்பி. அவசரம்.”

அக்கா தாளைக் கண்ணாடியில் வைத்தார், மூடியை இறக்கினார், பன்னிரண்டு என்று அழுத்தினார். வெளியே வந்ததைத் தட்டி அடுக்கும்போது மேல் ஓரத்தில் ‘ஏழாம் எண் கடை’ என்று இருப்பது கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, வாடிக்கையாளர் தாள் ஒன்றை மேலிருந்து கீழ்வரை படித்தார். ரகசிய அரசு ஆவணத்தைச் சட்டவிரோதமாக நகலெடுத்த குற்றத்துக்காகக் கடையின் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று அவரிடமே விளக்கம் கேட்கும் நோட்டீஸ் அது. திங்கட்கிழமை பத்து மணிக்கு நகராட்சி ஆணையர் முன் ஆஜராக வேண்டும்.

உதவியாளர் பன்னிரண்டையும் வாங்கி எண்ணினார். ஒன்றை உருவி அக்காவிடமே நீட்டினார். “இது உங்களுக்கு. வாங்கினேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.” பிறகு என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கே உறைத்தது. காது வரை சிவந்துபோனார்.

“அய்யோ அக்கா, நான் படிக்கலை. குடுத்தாங்க, ஓடி வந்தேன்.”

“நானும்தான் இத்தனை வருஷம் படிக்கலை” என்றார் அக்கா. கையெழுத்துப் போட்டார். “ஆபீஸ் கணக்குல எழுதிக்கறேன், போ.”

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆணையர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆணையர், இன்ஸ்பெக்டர், தலைமை எழுத்தர், எதிரே அக்கா. கணவர் வெளியே பெஞ்சில். மேசைமேல் பத்திரிகையும், வெள்ளிக்கிழமை எடுத்த வெற்று நகலும், ஒரு அளவுகோலும் இருந்தன. தலைமை எழுத்தர் அளவுகோலை வைத்துப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து காட்டினார். பத்திரிகையில் இருக்கும் தாள் இந்தக் கடையில்தான் எடுக்கப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார்.

அக்கா பையிலிருந்து நோட்டீஸை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதையும் அளந்து பாருங்க தம்பி.”

அவர் அளந்துவிட்டார், பழக்க தோஷம். அளந்த பிறகுதான் கை நின்றது.

“உங்க ஆபீஸ் அனுப்புன நோட்டீஸ். என் கடையில எடுத்தது. போன மாசம் வரி ரசீது எடுத்தீங்க, நகர்மன்றக் கூட்டத் தீர்மானம் எடுத்தீங்க, உங்க பொண்ணு விண்ணப்பம் எடுத்தீங்க. எல்லாத்துலயும் இதே கோடுதான். கோடு வெச்சு ஆளைப் பிடிக்கறதுன்னா, இந்த ஆபீஸ்ல பாதிப் பேரைப் பிடிக்கணும். முதல்ல உங்களைப் பிடிக்கணும்.”

இன்ஸ்பெக்டர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். ஆணையர் நோட்டீஸைத் திருப்பிப் போட்டார்.

“சாமர்த்தியமாப் பேசறீங்க. நான் நேராக் கேக்கறேன். யார் எடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

ஞாபகம் இல்லை என்ற இரண்டு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. வழி நெடுகக் கணவர் சொல்லிக் கொடுத்தது. அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அது அவர் இத்தனை வருடம் செய்துவந்த வேலையைப் பற்றிய பொய். அவர் மறந்துபோகிறவர் அல்ல. வெளியே சொல்லாதவர்.

“தெரியும் சார். சொல்ல மாட்டேன்.”

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார்.

“என்ன சொன்னீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“புரிஞ்சுதான் சார். என்னை நம்பி ஒருத்தர் தாளை வைக்கறாங்க. உங்க தாளையும் அப்படித்தான் வெச்சீங்க. உங்க தாளைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் வெளிய ஒரு பேச்சு வந்திருக்கா? அதே மரியாதைதான் அவங்களுக்கும். நீங்க என்ன செய்யணுமோ அதை எழுத்துல குடுங்க. வாங்கிக்கறேன்.”

எழுத்தில் கொடுத்தார்கள். உரிமம் ரத்து. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும். விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்ததாகத் தனி வழக்கு.

வெளியே பெஞ்சில் கணவர் எழுந்து நின்றார். “சொன்னியா, ஞாபகம் இல்லைன்னு?”

“தெரியும்னு சொன்னேன்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு படி இறங்கினார். நின்றார். “மெஷின் எவ்வளவு கனம் இருக்கும்?” என்று கேட்டார்.

செவ்வாய் மதியம் பணிமனையிலிருந்து ஐந்து பேர் ஒரு தள்ளுவண்டியோடு வந்தார்கள். கனமான எஞ்சின்களைத் தூக்கிப் பழகிய கைகள். இருந்தாலும் மெஷினின் மைத்தூள் டோனர் கொட்டி ஐந்து பேரும் கறுப்பானார்கள். தொலைபேசி ரீசார்ஜ் கடைக்காரர் கயிறு கொடுத்தார். மற்ற கடைக்காரர்கள் சிலர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் கடையும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது, அக்கா அவர்களைக் குறை சொல்லவில்லை. எதிரே மாடியில் ஆய்வக ஜன்னல் திறந்திருந்தது. அங்கே யாரோ நின்றார்கள். அக்கா மேலே பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள்.

வீட்டு முன்னறைக்குள் மெஷின் நுழையவில்லை. கதவைக் கழற்றி, நிலையில் இருந்த ஒரு சட்டத்தையும் கழற்றி, சாய்த்து உள்ளே விட்டார்கள். சோபா சமையலறைக்குப் போனது. மகள் போனில் கூப்பிட்டு, “அம்மா, நான் லீவுக்கு வந்தா எங்க உக்காருவேன்?” என்றாள். “மெஷின்மேல ஏறி உக்காராதே, மத்த எங்க வேணாலும் உக்காரு” என்றார் அக்கா. ஃபீஸைப் பற்றி இருவருமே பேசவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நாலு பக்கம் வந்தார். கக்கத்தில் இடுக்கிய உறைக்குள் நான்கு தாள்கள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

“அந்த ஓரத்தை நான் பாத்திருக்கணும்மா. எத்தனை பரீட்சைத் தாள் திருத்தியிருக்கேன். இதைக் கோட்டை விட்டுட்டேன்.”

“அழுகையை நாளைக்கு வெச்சுக்குங்க சார். இன்னைக்கு எத்தனை காப்பி?”

“அச்சகம் இருந்தப்போ எண்ணூறு. இப்ப உங்களால எவ்வளவு முடியுதோ.”

“எண்ணூறே போடுவோம். சூடாகும். மணிக்கு ஒருதரம் நிறுத்தணும். நீங்க பின் அடிங்க. தாள் சேத்து அடுக்கறதுக்கு இவங்க இருக்காங்க.”

‘இவங்க’ என்றது பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர். நான்காம் வார்டுக்காரர்கள். அதே தொட்டித் தண்ணீர் குடிக்கிறவர்கள். ஒருத்தி வரும்போதே, “அக்கா, என் வீட்டுக்காரரும் படுத்தாரு. அதையும் இதுல போடுவாங்களா?” என்று கேட்டாள். நாலு பக்கம் பேனாவை எடுத்தார்.

முதல் நூறு முடிவதற்குள் வாசலில் ஒரு காவலர் நின்றார். கதவில்லாத வாசல், எங்கே தட்டுவது என்று தெரியவில்லை அவருக்கு. கையில் இன்னொரு சம்மன்.

“அம்மா, மறு விசாரணை. நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

அக்கா சம்மனை வாங்கினார், படித்தார், கையெழுத்துப் போட்டார்.

“வர்றேன் தம்பி. ஆனா நாளைக்கு இல்ல. நாளைக்கு வியாழக்கிழமை, பத்திரிகை விநியோகம் இருக்கு. வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லிடுங்க. இதையே எழுத்துல குடுக்கட்டா?”

காவலர் தயங்கினார். “குடுங்க” என்றார்.

அக்கா எழுதினார். தேதி போட்டார். நகல் ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டு, அசலை அவரிடம் கொடுத்தார். பிறகு இரண்டாவது நூறுக்குத் தாள் எடுத்து, ஒட்டிக்கொள்ளாமலிருக்க விசிறி உதறி, தட்டில் அடுக்கிப் பொத்தானை அழுத்தினார்.