ஆத்தாளுக்குக் குறைத்த சீனி

என் வீட்டுக்காரிக்குக் கால் பெருவிரலில் புண் வந்து ஆறாமல் போன பிறகுதான் நான் அடுப்படிக்குள் நுழைந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் வாழைத்தோப்பும் தண்ணீர் பாய்ச்சுவதும்தான். சோறும் குழம்பும் எப்படியோ பழகிவிட்டது. வெள்ளிக்கிழமைப் பால் பாயசம்தான் என்னைப் படுத்தியது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிதோறும் அம்மன் படத்துக்கு முன்னால் அவள் பால் பாயசம் படைப்பாள். சர்க்கரை நோய் வந்ததும் காப்பியில் சீனியை விட்டாள், பலகாரத்தை விட்டாள். பிரசாதத்தை மட்டும் விடவில்லை. “ஆத்தா குடுக்குறதை வேணாம்னா சொல்ல முடியும்?” என்று ஒரு டம்ளர் குடிப்பாள்.

தேனியில் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இப்படியே போனா விரலை எடுக்க வேண்டி வரும்” என்றார். பஸ் எங்கள் ஊர் சின்னமனூர் வந்து சேரும்வரை அந்த டம்ளர்தான் என் கண்ணுக்குள் நின்றது. ஆனால் சாமி காரியத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படத்தைக் கும்பிடாமல் நானும் ஒருநாள்கூடத் தோப்புக்குப் போனதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, திரண்ட ஆடையை எல்லாம் எடுத்துவிட்டேன். ஒரு பிடி பச்சரிசியை அதில் குழைய வேகவிட்டேன். ஒரு டம்ளர் சீனி போட வேண்டிய இடத்தில் அரை டம்ளர்தான் போட்டேன். குறை தெரியாமல் இருக்க ஏலக்காயைக் கூட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் மலையில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள், கை நிறையக் கொடுத்திருந்தாள்.

கட்டிலில் இருந்தபடியே வீட்டுக்காரி கேட்டாள். “சீனி ஒரு டம்ளர் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“தலை தட்டியா?”

“தலை தட்டித்தான்.”

படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது. அதனால் எப்படி வந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. சூடம் காட்டினேன். ஆத்தா, உனக்கும் சேர்த்துத்தான் குறைத்துவிட்டேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்தேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கால் டம்ளர். அதற்கும் அடுத்த வாரம் இரண்டே கரண்டி. அப்போதும் டம்ளர் காலியாகத்தான் திரும்பி வந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

கோம்பையில் கட்டிக்கொடுத்த மகள் ஒரு வெள்ளிக்கிழமை வந்திருந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னப்பா இது, பாயசமா, பச்சப்புள்ளைக்குக் கரைச்ச கஞ்சியா?” என்றாள்.

“ஏய், பிரசாதத்தைக் குத்தம் சொல்லாத. வாயை மூடிக்கிட்டுக் குடி” என்று அவள் அம்மா அதட்டினாள்.

“அதுக்கில்லம்மா, சீனியே இல்லாம...”

“முத வாரமே எனக்குத் தெரியும்டி. உங்கப்பா பயந்துபோயிச் செய்றாக. அவுகளைப் பொறுத்துக்க ஆத்தான்னு நானும் வாராவாரம் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை செய்தும் புண் ஆறவில்லை. ஓரம் கறுத்துக்கொண்டே வந்தது. அரிசியும் பாலும்கூட உடம்புக்குள் சர்க்கரையாகத்தான் மாறும் என்று டாக்டரம்மா சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டேன். விரலை எடுக்க ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்.

அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை. பாலை அடுப்பில் ஏற்றும்போது அவள் சொன்னாள். “இன்னைக்கு ஆத்தாளுக்கு முழுச் சீனி போடுங்க. ஆடையை எடுக்காதீக.”

“ஒனக்கு?”

“எனக்கு வேணாம். என்னால அவளுக்கு ஏன் கொறை வைக்கணும்?”

ஒரு டம்ளர் சீனியைத் தலை தட்டிப் போட்டேன். படைத்துவிட்டு டம்ளரை நீட்டினேன். வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“பிரசாதத்தைக் கீழ ஊத்தக் கூடாது. நீங்க குடிங்க.”

நின்றபடியே குடித்தேன். ஆடை நாக்கில் ஒட்டியது. நல்ல இனிப்பு. துணி சுற்றிய காலை நீட்டி உட்கார்ந்து, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா வந்திருக்கா?”

தலையை ஆட்டினேன். டம்ளரில் இன்னும் பாதி இருந்தது.