களஞ்சியச் சுவரில் நான்கு பெண்கள்

நான் ஓவியம் தெரிந்தவள் அல்ல. வவுனியாவில் ஒரு தபால் கந்தோரில் முத்திரை விற்கிறேன். சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி எங்காவது போய் வந்து இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான். இந்த வருடம் மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் தர்மபுரத்துக்குப் போனது, என் வாசகி ஒருவர் அனுப்பிய மங்கலான படம் ஒன்றினால். ஒரு பழைய நெற்களஞ்சியம். அதன் வெளிச்சுவரில் ஆளுயரத்துக்கும் மேலாக நான்கு பெண்கள். "துணிஞ்ச பெண்டுகள் எண்டு எங்கட ஊரில சொல்லுறது. ஒருக்கா வந்து பாருங்கோ" என்று எழுதியிருந்தார். அந்தப் பெயரே என்னை இழுத்துக்கொண்டது. நான் பல்லிக்கே பயப்படுகிறவள்.

காலை 6.10க்கு வவுனியாவில் பஸ். கிளிநொச்சிவரை 290 ரூபா. கனகராயன்குளம் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் இருக்கை கிடைக்கவில்லை. அதன் பிறகு கிடைத்தது, வெயிலும் சேர்ந்தே கிடைத்தது. அறுவடைக் காலம் என்பதால் வீதியோரம் எங்கும் நெல் காயப் போட்டிருந்தார்கள். சாரதி அதைச் சுற்றிச் சுற்றியே வண்டியை வளைத்தார். 8.15க்குக் கிளிநொச்சியில் இறங்கினேன்.

அங்கிருந்து பரந்தன் வழியாக முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் ஏறினால் தர்மபுரத்தில் இறங்கலாம். நான் ஏறவில்லை. துணிச்சலான பெண்களைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று சந்தைக்குள் நுழைந்து, 450 ரூபாவுக்கு ஒரு மல்லிகை மாலையைப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. பிறகு 1,800 ரூபாவுக்கு ஓட்டோ பிடிக்க வேண்டி வந்தது. என் சிக்கனம் எப்போதும் இப்படித்தான் முடியும்.

ஓட்டோக்காரர் றஹீம் நானா முல்லைத்தீவுக்காரர். பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பியதும், மடியில் இருந்த மாலையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கோயிலுக்கோ அக்கா?"

"இல்லை நானா. அந்தச் சுவர்ப் படங்களுக்கு."

"ஓ, கலா அக்காட சுவர். என்ர ஓட்டோக்குப் பின்னால இருக்கிற மயிலும் அவா கீறினதுதான். நல்லாக் கீறுவா. வாய்தான் கொஞ்சம்…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த மிச்சம் எனக்குப் பிறகு விளங்கியது.

கிளிநொச்சியிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர். தர்மபுரத்தில் பிரதான வீதியை விட்டு ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும். களஞ்சியத்துக்கு முன்னால் பெரிய சீமெந்துத் தளம். அதில் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல் கிளறும் நீண்ட மரக்கரண்டி ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும் ஓரமாகக் கிடந்தன, காவலுக்கு ஆளில்லை. சுவரின் ஒரு கோடியில் ஏணி வைத்து, நீலச் சட்டைக்கு மேல் பழைய ஆண்கள் சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மா எனக்கு முதுகு காட்டி நின்றார். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். கலா அக்கா.

"பாக்கிறதெண்டால் பாருங்கோ. நெல்லில மட்டும் கால் வைக்காதேங்கோ" என்றார், திரும்பாமலே.

முதல் படம் ஒரு வன்னிச்சி. முன்னொரு காலத்தில் வன்னியின் ஒரு பகுதியை ஆண்ட பெண். கையில் வாள் கிடையாது. குளத்துக்கட்டில் நின்று தண்ணீரின் மட்டத்தைப் பார்க்கிறாள். ராணிக்கு இவ்வளவு சலிப்பான முகமா என்று கேட்டேன். "அவா எப்பிடி இருந்தா எண்டு ஆருக்குத் தெரியும்? கண்டாவளையில மரக்கறி விக்கிற அக்காட முகத்தைப் போட்டிட்டன். அவாவும் அரசாளுறவா மாதிரித்தான் கதைப்பா" என்றார் கலா அக்கா.

இரண்டாவது தங்கம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, காடு வெட்டிய முதல் வருடத்திலேயே கணவனைப் பாம்புக்குக் கொடுத்தவர். ஊருக்குத் திரும்பிப் போகாமல், இடுப்பில் பிள்ளையும் கையில் தீப்பந்தமுமாக யானைக்கு முன்னால் நிற்கிறார். மூன்றாவது, இடம்பெயர்ந்த நாட்களில் மரத்துக்கு மரம் பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு போன ஒரு ரீச்சர். நாலைந்து வருடத்துக்கு முன் நோயில் இறந்துபோனாராம். கரும்பலகையைத் தலையில் சுமந்தபடி நடக்கிறார், பின்னால் பிள்ளைகள்.

நான்காவது பெண் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். வெள்ளைச் சேலையில், கொண்டை போட்டு, சைக்கிளில் போகும் ஒரு மருத்துவமாது. இங்கே மிஸ்ஸி என்பார்கள். கைபிடியில் மருந்துப் பை தொங்குகிறது. ஒரு கால் மிதியில், மறு கால் இன்னும் நிலத்தில். யாரையோ திரும்பிப் பார்த்து எதையோ சொல்கிறார். கீழே 'பத்மா மிஸ்ஸி' என்று மட்டும் எழுதியிருந்தது.

முதல் மூன்று படங்களிலும் கைக்கெட்டும் உயரத்தில் அடித்த ஆணியில் மாலை தொங்கியது, வாடியதென்றாலும் மாலை. மிஸ்ஸியின் படத்தில் இருந்த ஆணியிலோ யாருடையதோ ஒரு நீலக் கைப்பை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தவருக்கு ஒரு பூ இல்லை, பை கொழுவ மட்டும் ஆணி வேண்டுமா? பையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, என் மல்லிகை மாலையை அந்த ஆணியில் போட்டேன். தள்ளி நின்று கும்பிட்டேன். கைத்தொலைபேசியில் படமும் எடுத்தேன். பெரிய புண்ணியம் செய்த திருப்தி எனக்கு.

அப்போதுதான் தேத்தண்ணிக் கோப்பைகளோடு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கோப்பைகளை மெதுவாகக் கீழே வைத்தாள். படியில் கிடந்த பையைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அன்ரி, நீங்களோ போட்டது?"

"ஓம் பிள்ளை. வெறுமையாக் கிடந்தது. அதுதான்…"

"எங்கட அம்மா இன்னும் வரேல்லை அன்ரி."

கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, எடுத்த படத்தை அழித்தேன். செத்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவோம். வவுனியாவில் என் தெருவிலேயே காணாமல் போனவர்களின் மாலை போடாத படங்கள் இருக்கின்றன. ஏன் போடவில்லை என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. அவ்வளவு தெரிந்திருந்தும் இங்கே வந்து, ஒரு பிள்ளையின் கண் முன்னால், அவளுடைய தாய்க்கு மாலை போட்டிருக்கிறேன்.

கலா அக்கா ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "நான் கண்டிருந்தால் விட்டிருக்கமாட்டன். ஊர்ச் சங்கத்தால நாலு படத்துக்கும் ஆணி அடிச்சவை. வாறவை எல்லாரும் போட, இவள் கழட்ட, இதே வேலையாப் போச்சு. கடைசியில பையைக் கொழுவி வைச்சால் ஆணி வெறுமையா இராது எண்டு இவள்தான் கண்டுபிடிச்சவள். நீங்கள் பையையும் கழட்டிப்போட்டியள்."

"ஆணியைப் பிடுங்கியிருக்கலாமே" என்றேன், என் வெட்கத்தை மறைக்க ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"பிடுங்கினால் திரும்ப அடிப்பினம் அன்ரி" என்றாள் தாரணி. அவள் பெயர் அதுதான்.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அவள் சொன்னது இவ்வளவுதான். யுத்தத்தின் கடைசி மாதங்களில் உழவு இயந்திரப் பெட்டியிலும் பதுங்குகுழியிலும் பத்மா மிஸ்ஸி பிள்ளைப்பேறு பார்த்தார். ஒரு மத்தியானம் ஒருவர் ஓடி வந்து, மனைவிக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்து எழும்பிவிட்டது என்றார். ஒன்பது வயது மகளைப் பக்கத்துக் கூடாரத்தில் விட்டுவிட்டு மிஸ்ஸி சைக்கிளில் ஏறினார். "சோத்தைச் சாப்பிடு, வந்திடுவன்" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார். கலா அக்கா கீறியிருப்பது அந்த நேரத்தைத்தான். பிள்ளை சுகமாகப் பிறந்தது. தாயைக் கழுவித் துடைத்துப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வெளிக்கிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை.

"அந்தப் பிள்ளை கண்டாவளையில இருக்கிறா. இப்ப ஓ.எல். சோதினை எடுக்கப் போறா" என்றாள் தாரணி. தன் தங்கையைப் பற்றிச் சொல்வதுபோல ஒரு பெருமை அவள் குரலில்.

நான் எழுந்து மாலையைக் கழற்றப் போனேன். "இருங்கோ" என்று அவளே கழற்றினாள். பையை மறுபடி ஆணியில் கொழுவினாள். மாலையை மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்து, பூச்சரத்தைத் துண்டு துண்டாக்கினாள். "நல்ல மல்லிகை. வீணாக்கக்கூடாது" என்று ஒரு துண்டை என் பின்னலில் சொருகினாள். ஒன்று கலா அக்காவுக்கு. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்தார். ஒன்று தனக்கு.

எனக்கு வாய் சும்மா இராது, எல்லோருக்கும் தெரியும். "அம்மாவுக்கும் தலையில ஒண்டு வைக்கலாமே பிள்ளை" என்றேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்தேன். ஒரு பிழை போதாதா?

தாரணி சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"வேலைக்குப் போகேக்க அம்மா பூ வைக்கமாட்டா" என்றாள் கடைசியில். "சனிக்கிழமையில மட்டும் வைப்பா." கொஞ்சம் யோசித்து, "இண்டைக்குச் சனிக்கிழமைதானே" என்றாள்.

கலா அக்கா ஒவ்வொரு மாசியிலும் இங்கே வருவது, மாரி மழையில் ஊறி உப்பிப்போன இடங்களைச் சுரண்டிப் புதிதாகப் பூசத்தான். ஆகவே வர்ணங்கள் தயாராக இருந்தன. ஒரு சிரட்டையில் வெள்ளையை ஊற்றி, துளி மஞ்சள் கலந்து, மெல்லிய தூரிகை ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"பூ கொண்டுவந்தவா நீங்கள்தானே. நீங்களே வையுங்கோ."

"ஐயோ, எனக்குக் கோடே ஒழுங்காக் கீற வராது."

"பிழைச்சால் அடுத்த மாசியில திருத்துவன். ஏறுங்கோ."

ஏறினேன். மூன்றாம் படியிலேயே ஏணியைக் கட்டிப் பிடித்தேன். கீழே தாரணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மிஸ்ஸியின் கொண்டைக்குப் பக்கத்தில் முகம் வைத்து, மூச்சை அடக்கி, ஐந்து இதழ் கீறினேன். மூன்று இதழ்போல வந்தன, இரண்டு வழுக்கி ஒரு பக்கம் சாய்ந்தன. கீழிருந்து பார்த்தால் மல்லிகை என்றும் சொல்லலாம், சுண்ணாம்பு என்றும் சொல்லலாம். "உயிரோட இருக்கிற பூ" என்றார் கலா அக்கா. இன்னொருவர் சொல்லியிருந்தால் பாராட்டு என்று எடுத்திருப்பேன்.

இனிப் போக நினைக்கிறவர்களுக்கு. மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. மாரியில் உள்வீதி சேறாகிவிடும். சுவர் கிழக்கைப் பார்த்திருப்பதால் காலை பத்து மணிக்கு முன் படம் எடுக்க வெளிச்சம் நன்றாக இருக்கும். கட்டணம் கிடையாது. பக்கத்தில் கடை இல்லை, தண்ணீர் கொண்டு போங்கள். நெல்லில் கால் வைக்காதீர்கள். திரும்பும்போது பிரதான வீதியில் பஸ் பிடித்தால் செலவு குறைவு. நான் ஒரு மணி நேரம் காத்து நின்றேன், வவுனியா வந்து சேர மாலை 5.20. முதல் மூன்று பெண்களுக்கும் மாலை கொண்டு போகலாம். நான்காவது ஆணியில் ஒரு பை தொங்கும், அதைத் தொடாதீர்கள். தைரியம் என்பதை நான் அந்தச் சுவரில்தான் பார்க்கப் போனேன். பதினாறு வருடமாகத் தாயைப் பார்த்திருந்து, ஊரே நீட்டுகிற மாலையை, யாரோடும் சண்டை பிடிக்காமல், ஒரு கைப்பையால் மறித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை எதிர்பார்த்துப் போகவில்லை.

புறப்படும்போது, நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த தாரணி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அன்ரி, உங்கட பேரென்ன?"

"சுகந்தி. ஏன் பிள்ளை?"

"அம்மா வந்து கேப்பா, உந்தக் கோணல் பூவை ஆர் வைச்சதெண்டு. சொல்லத்தானே வேணும்."