மாற்றுச் சாவியைப் பூட்டுக்குள் வைத்தவன்

நாளை மதுரையில் கொடுக்க வேண்டிய என் மனைவி ஷமீமாவின் ஆய்வேடு, என் லினக்ஸ் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. திருடன் தூக்கிப்போனாலும் திறக்க முடியாது என்று பெருமை பேசி, டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து வைத்திருந்தேன்.

இன்று காலை டிஸ்க்கில் எதையோ மாற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் அல்லிநகரத்தில் கரண்ட் போனது. பேட்டரி செத்து வெகுகாலம். மறுபடி ஆன் செய்தால், டிஸ்க்கின் தொடக்கத்தில் அந்தப் பூட்டின் விவரம் இருக்கும் தலைப்பகுதி கெட்டிருந்தது. சரியான பாஸ்வேர்டையே ஏற்கவில்லை.

“பேக்கப் எடுத்திருக்கீகள்ல?” என்றாள் ஷமீமா.

“தலைப்பகுதிக்கு எடுத்திருக்கேன்.”

“எங்கன?”

“அந்த டிஸ்க்குக்குள்ளதான்.”

அவள் லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பென் டிரைவில் வேறு லினக்ஸைப் போட்டு, தேடியபோதுதான் தெரிந்தது: டிஸ்க்கே தன் தலைப்பகுதிக்கு இன்னொரு நகல் வைத்திருக்கிறது. இந்தப் பூட்டு மென்பொருளை எழுதியவர்களுக்கு என்னைப் போன்றவர்களைத் தெரிந்திருக்கிறது. அந்த நகலை வைத்து ஒரே கட்டளையில் சரிசெய்ததும் டிஸ்க் திறந்துகொண்டது.

ஷமீமா ஆய்வேட்டைத் தன் மெயிலுக்கு அனுப்பிக்கொண்டாள். “இனிமே என்னோடது எதையும் நீங்க பத்திரப்படுத்த வேணாம்.”

இப்போதுதான் கம்பத்திலிருந்து மாமனார் போன் செய்தார். தோட்டத்துப் பத்திரங்களை ஸ்கேன் செய்து என் லேப்டாப்பில் வைக்க வேண்டுமாம். “நீங்கன்னா பத்திரமா வச்சிருப்பீக, மாப்ளே.”

ஷமீமா பக்கத்தில்தான் நிற்கிறாள். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?