கடைசி நாற்காலி

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ரயில் இஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன் இருதயத்தைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இராயப்பரண்ணே என்றால்தான் திரும்புவார். பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார், சேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவும்போது முதல் நாற்காலி, அதாவது தலைமைச் சீடர் இராயப்பருடைய நாற்காலி, வருஷா வருஷம் அவருக்குத்தான். சேசுநாதரே வந்து கேட்டிருந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

கடைசி நாற்காலி, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது. உட்கார்ந்தவன் அந்தப் பேரை வருஷம் முழுக்கச் சுமக்க வேண்டும் என்பதால் ஒருத்தரும் கிட்டப் போவதில்லை. ஊரிலிருந்து வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலை விட்டு இறங்கிய கையோடு செபாஸ்டியனைக் கூட்டி வந்து அதில் உட்கார வைத்தவர் இருதயம்தான். சோறு போட்டு, இஞ்சின் ஷெட்டில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. செபாஸ்டியன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொரு வருஷமும் அது அவன் தலையிலேயே விடிந்தது.

அந்த வருஷம் பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் இருதயத்தைத் தனியாக அழைத்தார்.

"நோன்பிருக்கும் தபசு காலத்தில் கள்ளுக்கடைக்குப் போனது நிஜமா?"

நிஜம்தான். ஒரே ஒரு தடவை. வற்புறுத்திக் கூட்டிப்போய் ஊற்றிக் கொடுத்தவன் செபாஸ்டியன். அவனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

"இந்த வருஷம் இராயப்பர் நாற்காலியில் செபாஸ்டியன் உட்காரட்டும்," என்றார் சாமியார்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது.  இனிக் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று வீட்டில் குதித்தார் இருதயம்.

"போகலன்னா ஊரு ஒண்ணைப் பத்தாக்கிப் பேசும்," என்றாள் மனைவி சாந்தமேரி. "எந்த நாற்காலியா இருந்தா என்ன? கழுவுறது காலைத்தானே."

போனார். கடைசி நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. உட்கார்ந்ததும் பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.  இதில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷம் செபாஸ்டியன் எப்படிச் சிரித்தான் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தார். சாமியார் கலங்கிய தண்ணீரோடு வந்து, முதல் ஆளுக்கு முழங்காலிட்டது போலவே முழங்காலிட்டு, பாதத்தைக் கழுவி முத்தமிட்டார். இருதயம் அழுதார். செபாஸ்டியனின் துரோகத்தை அவர் மன்னித்துவிட்டார் என்று சொன்னால் அது பொய்.

பாஸ்குத் திருவிழா முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, இஞ்சின் ஷெட்டில் கூட வேலை செய்யும் நாகையா குறும்பாகக் குரல் கொடுத்தான்.

"யூதாஸண்ணே, கொஞ்சம் இங்க வாங்க."

இருதயம் திரும்பினார். பழக்கதோஷத்தில் செபாஸ்டியனும் திரும்பிவிட்டான். ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"என்னைத்தாண்டா கூப்பிடுறான்," என்றார் இருதயம். "இனிமே நீ திரும்ப வேணாம்."