பெரும்பாக்கம் போகாத ஷேர் ஆட்டோ

செல்போன் விளையாட்டுத் தொழிலில் விளையாட நேரமில்லாத ஒரே ஆள், அதைச் செய்கிறவன்தான். யாரும் சொல்லித் தராமல் தானாகக் கற்றுக்கொண்டு இதில் மாட்டிக்கொண்ட சகாக்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஒழுங்கான வண்டி

தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்தேன். எங்கள் தொழிலில் எஞ்சின் என்றால் விளையாட்டைக் கட்ட உதவும் மென்பொருள். வண்டி, சாலை எல்லாம் அதில் தயாராகவே கிடைக்கும். ஆனால் அந்த வண்டி வேறு ஏதோ தேசத்துச் சாலைக்காகச் செய்தது. சாலைக் கோட்டைத் தாண்டாது. கை காட்டினால் நிற்காது.

எங்கள் தெருவில் நிஜமாகவே ஷேர் ஆட்டோ ஓட்டும் குமாரிடம் விளையாடக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"இன்னா சார், உன் ஆட்டோ சிக்னலுக்கெல்லாம் நின்னுகினு கீது. இதுல எவன் ஏறுவான்?"

குக்கர் விசில்

அந்த வண்டியைக் கண்ட இடத்தில் நிற்க வைப்பதற்குள் ஒரு மழைக்காலம் போயிற்று. பயணியின் குரல் என் மனைவி ஸ்டெல்லாவுடையது. "அந்த மரத்துகிட்ட நிறுத்துங்கண்ணா" என்று சமையலறையில் நின்றபடி பேசிக் கொடுத்தாள். பின்னால் குக்கர் விசிலும் பதிவாகிவிட்டது. மறுபடி பேச மாட்டேன் என்றாள். விசிலோடு அப்படியே வைத்தேன். பிறகு அவள் இறந்துபோனாள்.

எஞ்சினின் புதுப் பதிப்பு வந்ததும், ஒலியைச் சுத்தம் செய்கிறேன் என்று விசிலை இரைச்சலாகக் கருதி அழித்தது. அவள் குரலையும் தகரமாக்கியது. யாரைக் கேட்டுச் செய்தார்கள்? நான் கவனிப்பதற்கு முன்பே, என் போனில் ஆடிப்பார்த்த குமார் கவனித்துவிட்டான்.

"இது அக்கா இல்ல சார். விசிலு எங்க?"

புதுப் போன்

தானாகச் சுத்தம் செய்யும் அந்த வசதியைத் தேடிப்பிடித்து அணைத்தேன். குரல் திரும்பியது. அடுத்த அடி உடனே விழுந்தது. புது எஞ்சினில் கட்டாத விளையாட்டுக்கு, செயலிகளை இறக்கும் இணையக் கடையில் இனி இடமில்லை. புது எஞ்சினில் கட்டினால் பழைய போனில் ஓடாது. என் விளையாட்டை ஆடுகிறவர்களோ பெரும்பாக்கம் குடியிருப்பில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் வைத்திருப்பவர்கள். குமாரின் போனும் பழையதுதான். பழுது பார்த்த கடையில் எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி இறக்கப் பார்த்தால், இந்தப் போனுக்குப் பொருந்தாது என்று வந்தது.

பழைய போன்களைக் கைவிடாதீர்கள் என்று எஞ்சின் கம்பெனிக்கு எழுதினேன். குடிசையை இடித்து ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்ட மனிதர்களை என் ஆட்டோவிலிருந்துமா இறக்கிவிட வேண்டும்? பணிவான பதில் வந்தது.

"உங்கள் வாடிக்கையாளர்களைப் புதிய போனுக்கு மாறுமாறு ஊக்குவிக்கலாமே."

பர்மிட்

என் பழைய கம்ப்யூட்டரில் பழைய எஞ்சின் இன்னும் இருந்தது. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விளையாட்டின் ஒரு பிரதியை எடுத்தேன். குமாரின் போனில் நேரடியாக ஏற்றினேன். இது ஆபத்தான செயலியாக இருக்கலாம், நிறுவ வேண்டுமா என்று போன் கேட்டது. குமார் யோசிக்காமல் அழுத்தினான். குக்கர் விசில் அடித்தது. மரத்துகிட்ட நிறுத்தச் சொன்னாள் ஸ்டெல்லா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது ஆட்டோ ஸ்டாண்டில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவன்தான் புளூடூத்தில் அனுப்புகிறான். அந்த எச்சரிக்கையைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு அவன் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"அக்கா ஏறுற வண்டி இது. பர்மிட் குடுக்க இவன் யாரு?"

ஆக, உலகமெங்கும் கடை விரித்திருப்பவர்களிடம் கிடைக்காத என் விளையாட்டு, தாம்பரத்தில் குமாரின் ஆட்டோவில் ஏறி வண்டி நிரம்பும்வரை காத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும்.