ட்ரையர் சுவரில் காய்ந்த வாணம்

என் பிள்ளைகளே, உங்கள் பெரிய மாமாவின் வலக்கையில் இரண்டு விரல் இல்லாததற்குக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டதுதான் காரணம் என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய்.

தொண்ணூறுகளில் கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். கோயில் திருவிழாவுக்கு வாணம் கட்டுகிறவர் உங்கள் மாமா. யுத்த காலம், சத்தம் கேட்டாலே விசாரிக்க வந்துவிடுவார்கள். பொலிசில் அனுமதி வாங்கி, இரண்டே இரண்டு வாணம் கட்டுவார். மூங்கில் குழாயில் வெடிமருந்தை ஈரமாக இடித்து இறுக்கி, பத்து நாள் நிழலில் காய வைப்பார்.

அந்த வருடம் மழை விடவில்லை. திருவிழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது, குழாய்கள் இன்னும் ஈரம். எனக்கு அப்போது பெக்டரியில், தேயிலை காய வைக்கும் ட்ரையரில் வேலை. பச்சைக் கொழுந்தே சீக்கிரம் காய்கிறதே, இது காயாதா என்று நினைத்து, அவரைக் கேட்காமலே குழாய்களை ட்ரையர் அறையின் சூடான சுவரில் சாய்த்து வைத்தேன். காய்ந்துவிட்டன. ஒன்றின் மருந்தில் மட்டும் மயிரிழை போல ஒரு வெடிப்பு. களிமண்ணை அப்பி மறைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பற்ற வைக்கப் போகையில் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா மாப்புள, பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படி வேர்க்கலியே ஒங்களுக்கு?"

வாணம் மேலே போகவில்லை. அவர் கைக்குப் பக்கத்திலேயே வெடித்தது.

அதற்குப் பிறகு கவ்வாத்துக் கத்தியை அவரால் பிடிக்க முடியவில்லை. காப்புக் கட்டிக்கொண்டு விரதத்தை முறித்துவிட்டார், அதுதான் சாமி தண்டித்தது என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேசினார்கள். நானும் தலையை ஆட்டினேன். அவர் கோயில் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

பத்து வருடம் கழித்து, மூத்தவனின் பரீட்சைக்காகப் பதுளை நூலகத்தில் ராக்கெட் பற்றிய ஒரு புத்தகம் எடுத்தோம். முதலில் மூங்கிலில் மருந்து இடித்தார்களாம். பிறகு மைசூரில் இரும்புக் குழாய். இப்போதைய பெரிய ராக்கெட்டுகளில் ரப்பர் மாதிரி ஒன்றோடு எரிமருந்தைக் கலந்து, மாவு போல ஊற்றி, இளஞ்சூட்டில் நாள்கணக்காக இறுக விடுகிறார்களாம். உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று கதிர் விட்டுப் படம் பிடிப்பார்களாம். வெடிப்பு இருந்தால் நெருப்பு அதற்குள் இறங்கி, மெல்ல எரிய வேண்டியது ஒரே நேரத்தில் எரிந்து, குழாயே சிதறிவிடுமாம். அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

மறுநாளே மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் மாப்புள. கொழாயில தேயில வாசம் அடிச்சிச்சு."

தெரிந்துமா பற்ற வைத்தீர்கள் என்றேன். தனக்கும் அவசரம்தான் என்றார்.

"வெரதத்த மட்டும் நான் முறிக்கல. அத நீங்க நாலு பேருகிட்ட சொல்லியிருக்கலாம்."

அடுத்த கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பலருக்கு அந்தத் திருவிழாவே மறந்து போயிருந்தது.

வீட்டுக்கு வந்து, கூரைத் தகரத்துக்குள் இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்த, அன்று பற்ற வைக்காமல் போன மற்ற வாணத்தை எடுத்தேன். தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் வடிகால் கானில் அதைப் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்தேன். கறுப்பாக வந்த தண்ணீர் தெளியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.