குடை பிடித்துக் கொழுந்து பறித்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரே படத்தை நாலு தடவை பார்த்தார்.

பெரிய படம் இல்லை. இருபது நிமிடம்தான். அறுபதுகளில் எங்கள் குன்னூர்ப் பக்கம் எடுத்தது. கோயமுத்தூரில் இருக்கிற மகள் எங்கேயோ தேடிப் பிடித்து என் போனுக்கு அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தில் வேலை பார்த்ததாக இவர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லுவார். என்ன வேலை? அதை மட்டும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கதை இதுதான். தேயிலை பறிக்கிற பெண்ணின் குடை காற்றில் பறந்துவிடுகிறது. அது யார் தலைக்கு மேலே போனாலும் அவர் பாட ஆரம்பித்துவிடுவார். ரயில் கார்டு பாடுகிறார். ஒரு எருமைகூடத் தலையாட்டுகிறது. கடைசியில் போஸ்ட்மேன் குடையைக் கொண்டுவந்து கொடுத்து, அவளையே கட்டிக்கொள்கிறார்.

சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். அவள் மழையில் கொழுந்து பறிக்கிற இடம் வந்தது. ஒரு கையில் குடை. ஒரு கையில் கொழுந்து.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள் நான். அதற்கு இரண்டு கையும் வேண்டும். மழை வந்தால் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொள்வோம். குடையை யார் கொண்டுபோவார்கள்?

நான் கொண்டுபோனேன். ஒரே ஒரு நாள்.

கல்யாணமான புதுசு. ஆடி மழை. இவர் குன்னூரை ஒட்டிய வெலிங்டன்காரர், குந்தா பவர் ஹவுஸில் வேலை — தேயிலையோடு டம்ளரில் மட்டும் பழகியவர். லீவில் வந்தபோது ஒரு புதுக்குடையை நீட்டினார். எடுத்துப்போனேன். "மகாராணி வந்துட்டாங்க, வழி உடுங்க" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். நான் வெட்கப்படவில்லை. எனக்காகக் குடை வாங்க ஒருவருக்குத் தோன்றியதே... அந்தக் குடை இன்னும் பீரோ மேலே இருக்கிறது. துணி போய்விட்டது. கம்பி இருக்கிறது.

அப்படியென்றால் அது எனக்காகத் தோன்றவில்லையா? படத்தில் வந்த அவளைப் பார்த்துத் தோன்றியதா?

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அது அவருக்குத் தெரியவும் இல்லை — மற்ற நாளிலும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

மூன்றாம் நாள் காபியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தக் குடை அவ நெனப்புல வாங்குனதுங்களா?"

காபியை ஒரு வாய் குடித்தார். அவருக்குப் பொய் வராது.

"ஷூட்டிங்ல பாத்ததுதான் புள்ள. கொழுந்து எடுக்கறவங்கெல்லாம் குடை புடிப்பாங்கன்னு நெனச்சுட்டேன்."

"அவ அழகா இருந்தாளா?"

"இருந்தா."

கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

எழுந்து போகப் பார்த்தேன். அப்போதுதான் மீதியைச் சொன்னார். ஷூட்டிங் அன்றைக்கு வானம் ஒரு பொட்டு மழைகூடத் தரவில்லையாம். தேயிலைச் செடிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ரப்பர் பைப்பில் தண்ணீர் அடித்தது இவர்தானாம். இத்தனை வருஷமாகச் சொன்ன வேலை அதுதான்.

"அவள நாள் பூரா நனைச்சவனே நாந்தான் புள்ள. குளுருல நடுங்கிப்போயிட்டா. நீ அப்படி நனையக் கூடாதுன்னு இருந்துச்சு."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எழுபது வயசில் எல்லா வேலையிலிருந்தும் ரிட்டயர் ஆகிவிடுகிறோம். பொறாமையிலிருந்து மட்டும் ஆகமுடியவில்லை.

நேற்று ஐந்தாவது தடவை பார்க்கப் போனைக் கேட்டார். சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டேன்.